எத்தனை கதவைத் தட்டுவது? ராயபுரத்திலிருந்து ஒரு பிஜி சீட்டின் வரலாறு

எம்.பி.பி.எஸ். முடிக்கும் பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் இரண்டு எண்களைத்தான் கேட்கிறார்கள். ஒன்று, ரேங்க் என்ன? இன்னொன்று, எத்தனை இடத்துக்குப் போட்டிருக்கே? முதல் எண்ணைப் பற்றி ஊரே பேசும். இரண்டாவது எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது, அதைத் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தோண்ட வைத்தது ஒரு உறவுக்காரப் பையன். மனநல மருத்துவம், அதாவது சைக்கியாட்ரி படிக்க ஆசை. இங்கேயும் எழுதுகிறான், அமெரிக்காவுக்கும் தயாராகிறான். “மாமா, நூறு புரோகிராமுக்குப் போடலாமா, நூத்தம்பதா?” என்று கேட்டான். நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் கேள்வி ஒரு அல்காரிதம் கேள்வி என்பதால் விட மனசு வரவில்லை. படித்ததைச் சுருக்கி இங்கே வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை இடத்துக்கு விண்ணப்பிப்பது என்பது விண்ணப்பிப்பவரின் தைரியத்தையோ பயத்தையோ மட்டும் பொறுத்தது இல்லை. சீட்டைப் பங்கு போடும் முறை எப்படி இருக்கிறதோ, அதுதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது. முறை மாறும்போதெல்லாம் எண்ணும் மாறியிருக்கிறது.

ஒரே கதவு

நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னையின் பழைய ஆட்கள் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். 1782-ல் ஹைதர் அலியுடனான போரும் பஞ்சமும் சேர்ந்து மக்களை நகரத்துக்குள் தள்ளியபோது கஞ்சி ஊற்ற ஏற்பட்ட இடம் அது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அதை ஒட்டி உள்ளூர் மக்களுக்கான சிகிச்சை இல்லத்தைத் தொடங்கினார். 1903-ல் அங்கே மருத்துவப் பள்ளி வந்தது. 1934 ஜூலை 2 அன்று கவர்னர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லியின் பெயர் வைக்கப்பட்டது. 1938-ல் கல்லூரியாக உயர்ந்தது.

அந்தப் பள்ளியில் கொடுத்தது எல்.எம்.பி. என்ற உரிமச் சான்று. பட்டம் வேண்டுமென்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். அதாவது ராயபுரத்துப் பையன் ஒருவன் டாக்டராக நினைத்தால் அவன் முன்னால் இருந்தவை இரண்டே கதவுகள். எத்தனை இடத்துக்குப் போடுவது என்ற கேள்வியே அப்போது எழ வாய்ப்பில்லை.

மனநல மருத்துவத்துக்கோ கதவே இல்லை. சென்னையில் மனநோயாளிகளுக்கான இல்லம் 1794-லேயே வந்துவிட்டது. வேலன்டைன் கானலி என்ற மருத்துவர் நடத்தியது. 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் அரசின் பெரிய மனநல இல்லம் திறந்தது. இன்றைய அரசு மனநலக் காப்பகம் அதன் வாரிசுதான். நோயாளிகளை வைத்துப் பார்க்க இடம் இருந்தது, ஆனால் அதற்கென்று டாக்டரைப் பயிற்றுவிக்க ஏற்பாடு இல்லை. மனநலப் பட்டயம் வேண்டுமென்றால் லண்டனுக்கோ எடின்பரோவுக்கோ கப்பல் ஏற வேண்டும்.

1946-ல் போர் கமிட்டி அறிக்கை வந்தபோது நிலைமை அம்பலமானது. 40 கோடி மக்கள் இருந்த நாட்டில் மனநல மருத்துவமனைகளில் இருந்தவை ஏறக்குறைய 10,000 படுக்கைகள். பயிற்சிக்கென்று ஒரு நிறுவனம் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. அதன் விளைவாக 1954-ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது. இன்றைய நிம்ஹான்ஸ் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அங்கே பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் டாக்டர் சாரதா மேனன். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். அவர் தலைமுறைக்கு, மெட்ராஸிலிருந்து மனநலம் படிக்கக் கிளம்புகிறவர் யோசிக்க வேண்டியது பெங்களூருக்கு ரயில் ஏறுவதா, வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுவதா என்பதை மட்டும்தான்.

பல கதவு, பல தேர்வு

கல்லூரிகள் பெருகப் பெருகக் கதவுகளும் பெருகின. ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனிப் பூட்டு. 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், முதுநிலைச் சேர்க்கையை அந்தந்த மாநிலத்துக்குள்ளேயே பூட்டி வைக்க முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதைத் தொடர்ந்து அகில இந்திய ஒதுக்கீடும், அதற்கான பொதுத் தேர்வும் வந்தன. அதோடு மாநில அரசின் தனித் தேர்வு. டெல்லி எய்ம்ஸுக்கு ஒன்று. புதுச்சேரி ஜிப்மருக்கு ஒன்று. சண்டிகருக்கு ஒன்று. நிம்ஹான்ஸுக்கு ஒன்று. வேலூர் சி.எம்.சி.க்கு இன்னொன்று.

எத்தனை இடத்துக்குப் போடுவது என்ற கேள்வி இங்கே பிறந்தது இந்தக் காலத்தில்தான். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம், டிமாண்ட் டிராஃப்ட், ரயில் டிக்கெட், தங்கும் அறை. இரண்டு தேர்வு ஒரே வாரத்தில் வந்தால் ஏதாவது ஒன்றை விட வேண்டும். ஆக, விண்ணப்ப எண்ணிக்கை என்பது அன்று வீட்டின் வருமானத்தைக் காட்டும் எண்ணாகவும் இருந்தது. தண்டையார்பேட்டையில் ஹார்பர் கூலியின் மகனும், நுங்கம்பாக்கத்தில் டாக்டர் தம்பதியின் மகனும் ஒரே மதிப்பெண் எடுத்திருந்தாலும், எழுதப் போகும் தேர்வுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு.

பிறகு பூட்டுகள் ஒவ்வொன்றாக ஒரே சாவிக்கு மாறின. 2012 கடைசியில் முதல் நீட் பிஜி நடந்தது. 2013 ஜூலையில் சி.எம்.சி. வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீட்டை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2017 முதல் நீட் பிஜி நிலைத்துவிட்டது. எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர், நிம்ஹான்ஸ் ஆகியவை 2021 சேர்க்கையிலிருந்து ஐ.என்.ஐ.-செட் என்ற ஒரே தேர்வுக்குள் வந்தன. இன்று ஒருவர் எழுதுவது பெரும்பாலும் இரண்டே தேர்வு. ஒற்றைத் தேர்வால் மாநில உரிமை என்ன ஆகிறது என்பது பெரிய விவாதம், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே நான் பார்ப்பது எண்ணிக்கையை மட்டும்.

நேரில் உட்கார்ந்ததும், பட்டியல் போட்டதும்

பொறியியல் படித்தவர்களுக்கு இந்த மாற்றம் சுலபமாகப் புரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளர கவுன்சிலிங் 1997-ல் ஆரம்பித்தது. நான் போனபோது அப்பாவோடு கிண்டியில் போய் உட்கார்ந்தேன். திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் காலி என்று ஓடிக்கொண்டிருக்கும். நம் முறை வரும்போது மிச்சம் இருப்பதைப் பார்த்து ஒன்றைத் தொட்டால் போதும். தந்திரம் எதுவும் தேவைப்படாது. நமக்கு முன்னால் இருப்பவர் எடுத்ததுபோக மீதியில் நமக்குப் பிடித்தது எதுவோ, அதுதான் சரியான விடை.

2018-ல் அது ஆன்லைனுக்கு மாறியது. இப்போது மிச்சம் என்ன என்று தெரியாமலேயே முன்கூட்டிப் பட்டியல் போட வேண்டும். உடனே வீடு வீடாக ஒரு பயம் கிளம்பியது: “பெரிய காலேஜை முதல்ல போட்டா, அது கிடைக்கலைன்னா ரெண்டாவதும் போயிடுமா?” மருத்துவ பிஜி கவுன்சிலிங்கிலும் இதே பயம்தான்.

கம்ப்யூட்டர் செய்வது இவ்வளவுதான். முதல் ரேங்க்காரரின் பட்டியலை எடுக்கும். அதில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை அவருக்குக் கொடுக்கும். பிறகு இரண்டாவது ரேங்க். இப்படியே கடைசி வரை. உங்கள் முறை வரும்வரை உங்கள் பட்டியலை அது திறப்பதே இல்லை. அதனால், கிடைக்காத இடத்தை முதலில் எழுதியதற்குத் தண்டனை கிடையாது. அன்று கிண்டியில் நீங்கள் நேரில் செய்ததை இன்று உங்கள் பட்டியல் உங்களுக்குப் பதிலாகச் செய்கிறது. அவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு விதி வருகிறது. ஒன்று, பட்டியல் எவ்வளவு நீளம் இருந்தாலும் நஷ்டமில்லை; ஆசைப்படும் வரிசையில் உண்மையாக எழுத வேண்டும். இரண்டு, கிடைத்தால் சேர மாட்டேன் என்று நினைக்கும் இடத்தை எழுதவே கூடாது. ஏனென்றால் பிந்தைய சுற்றுகளில் கிடைத்த சீட்டை விட்டால் கட்டிய முன்பணம் போகும். சேர்ந்த பிறகு விலகினால் அபராதமும் வரும். சைக்கியாட்ரிதான் வேண்டும் என்பவர், ‘சும்மா இருக்கட்டும்’ என்று வேறு பிரிவைக் கடைசியில் எழுதி, அதில் மூன்று வருடம் மாட்டிக்கொள்வதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். சுற்றுக்குச் சுற்று விதி மாறுவதால், அந்தந்த வருடத்துக் கையேட்டை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம்

வெளிநாட்டுக் கதை வேறு. 1960-களில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பிரிட்டன் போன டாக்டர்கள், மருத்துவ இதழின் வேலை விளம்பரப் பக்கங்களைப் பார்த்து ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கடிதம் எழுதினார்கள். பெரிய மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைப் பணி உள்ளூர்க்காரர்களுக்குப் போனது. முதியோர் மருத்துவம், மனநலம் போன்ற, அந்த ஊர் டாக்டர்கள் ஒதுங்கிய துறைகள் நம்மவர்களுக்கு வந்தன. அமெரிக்காவிலும் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அரசு மனநல மருத்துவமனைகளை ஓட்டியதில் வெளிநாட்டு டாக்டர்களின் பங்கு பெரிது. சைக்கியாட்ரி அன்று யாரும் முண்டியடிக்காத வரிசை. நாலைந்து இடத்துக்கு எழுதிப் போட்டாலே வேலை கிடைக்கும் என்ற ஊர்ப்பேச்சு அந்தக் காலத்தில் உருவானதுதான். அதை இன்றும் சில பெரியவர்கள் சொல்வது ஆபத்து.

அமெரிக்காவின் சீட் ஒதுக்கும் முறைக்கும் ஒரு கதை உண்டு. 1940-களில் அங்கே மருத்துவமனைகள்தான் மாணவர்களைத் துரத்தின. படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே பயிற்சி வேலைக்கு ஆள் பிடித்தன. இதைத் தடுக்க, குறிப்பிட்ட தேதிக்கு முன் மாணவரின் சான்றிதழ்களை அனுப்புவதில்லை என்று கல்லூரிகள் முடிவெடுத்தன. உடனே சண்டை வேறு வடிவம் எடுத்தது. வேலை தருகிறோம், பதில் சொல்ல இவ்வளவு நேரம்தான் என்று மருத்துவமனைகள் நெருக்கின. 1945-ல் பத்து நாள் அவகாசம் என்று இருந்தது. 1949-ல் 12 மணி நேரம் கொடுக்கலாம் என்றபோது, அதுவே அதிகம் என்று மறுக்கும் நிலை வந்துவிட்டது.

அதன்பின்தான், இரு தரப்பும் விருப்பப் பட்டியல் கொடுக்க, ஒரு மையம் பொருத்திப் பார்க்கும் ‘மேட்ச்’ முறை வந்தது. முதல் மேட்ச் 1952-ல். இதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று. முதலில் முன்வைத்த சூத்திரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. எட்டாத இடத்தை ஆசைப்பட்டு முதலில் எழுதிய மாணவர் அதனாலேயே நஷ்டப்படலாம். நம் வீடுகளில் இருக்கும் அதே பயம், அங்கே நிஜமாகவே இருந்தது! ஹார்வர்டு மாணவர் ஹார்டி ஹென்ட்ரன் உள்ளிட்டவர்கள் அதைக் கண்டுபிடித்துப் போராடி, சூத்திரத்தை மாற்ற வைத்தார்கள்.

1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் இதே வகைச் சிக்கலுக்குத் தனியாக ஒரு தீர்வை வெளியிட்டார்கள். மருத்துவர்கள் பத்து வருடமாகப் பயன்படுத்தி வந்த முறையும் சாராம்சத்தில் அதுவே என்று 1984-ல் ஆல்வின் ராத் காட்டினார். பின்னர் 1990-களின் கடைசியில் மாணவர் பக்கம் சாதகமாக அதை மாற்றி அமைத்ததிலும் ராத்துக்குப் பங்கு உண்டு. 2012-ல் ராத்துக்கும் ஷேப்லிக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது.

மேட்ச், பட்டியல் போடும் கட்டத்தைச் சுத்தமாக்கிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. விண்ணப்பித்து, இன்டர்வியூ வாங்கி, அதன் பிறகுதான் பட்டியல். 1990-களின் நடுவில் ஈராஸ் என்ற மின்னணு விண்ணப்ப முறை வந்தது. தபால் செலவு, நகல் எடுக்கும் வேலை எல்லாம் போயிற்று. இன்னொரு புரோகிராமுக்குப் போடுவது ஒரு கிளிக் ஆனது. நெரிசல் வாசலிலிருந்து நகர்ந்து தெருவுக்கு வந்துவிட்டது.

கூட்டமும் மாறிவிட்டது. 1952-ல் மாணவர்களைவிட இடங்கள் பல ஆயிரம் அதிகம். 2024 மேட்ச்சில் பதிவு செய்தவர்கள் 50,413 பேர், இடங்கள் 41,503. சைக்கியாட்ரி இடங்களும் கூடி, 2022-ல் இரண்டாயிரத்தைத் தாண்டின. ஆனால் அந்த ஊர் மாணவர்களே இப்போது அதை விரும்பி எடுக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லா இடமும் நிரம்பிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

இப்போது நூறா, நூத்தம்பதா என்பதற்கு வருவோம். 2025 சேர்க்கைக்கான ஈராஸ் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு துறையில் முதல் 30 புரோகிராமுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். ஒரு விண்ணப்பம் இன்டர்வியூவாக மாறும் வாய்ப்பு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். ஒருவருக்கு 1 ஆகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம்.

50 புரோகிராம்: குறைந்தது ஒரு இன்டர்வியூ வரும் வாய்ப்பு 64 சதவீதம். செலவு 930 டாலர்.
100 புரோகிராம்: 87 சதவீதம். செலவு 2,430 டாலர்.
150 புரோகிராம்: 95 சதவீதம். செலவு 3,930 டாலர்.
200 புரோகிராம்: 98 சதவீதம். செலவு 5,430 டாலர்.

முதல் ஐம்பதிலிருந்து நூறுக்குப் போனால் 23 புள்ளி கூடுகிறது. நூத்தம்பதிலிருந்து இருநூறுக்குப் போனால் வெறும் 3. ஆனால் இரண்டு தாவலுக்கும் விலை ஒன்றுதான், 1,500 டாலர்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. முதலாவது, இந்தக் கணக்கு ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனியாக நாணயம் சுண்டுவதாக நினைக்கிறது. நிஜத்தில் அப்படி இல்லை. விசா தராத புரோகிராம், படித்து முடித்து ஐந்து வருடம் தாண்டியவரைப் பார்க்காத புரோகிராம் என்று வடிகட்டிகள் உண்டு. அங்கே வாய்ப்பு 2 சதவீதம் இல்லை, பூஜ்யம். பூஜ்யத்தை ஐம்பது முறை கூட்டினாலும் பூஜ்யம்தான்.

இரண்டாவதுதான் முக்கியம். எல்லோரும் சேர்ந்து விண்ணப்பத்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? இன்டர்வியூ எண்ணிக்கை கூடாது, அதை நடத்தும் டாக்டர்கள் அதே ஆட்கள்தான். ஆக ஒவ்வொரு விண்ணப்பத்தின் வாய்ப்பும் பாதியாகி 1 சதவீதமாகும். அப்போது 100 போட்டவரின் வாய்ப்பு 63 சதவீதம். முன்பு 50 போட்டபோது இருந்ததும் ஏறக்குறைய அதே 64. வாய்ப்பு அசையவில்லை. செலவு மட்டும் 930 டாலரிலிருந்து 2,430 ஆகிவிட்டது, அதாவது நம்ம காசில் ஏறக்குறைய 80 ஆயிரத்திலிருந்து இரண்டு லட்சம். சினிமா கொட்டகையில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் எல்லோரும் எழுந்து நிற்பது மாதிரி. கால் வலிதான் மிச்சம், படம் அதேதான்.

இதைச் சரிசெய்யத்தான் ‘சிக்னல்’ என்ற ஏற்பாடு வந்தது. எனக்கு நிஜமாகவே விருப்பமான புரோகிராம்கள் இவை என்று குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் சொல்லலாம். பொருளாதாரப் பேராசிரியர் வேலைச் சந்தையில் 2006-ல் ஆரம்பித்த யோசனை இது. 2020-21-ல் காது மூக்கு தொண்டைப் பிரிவும், 2022-23-ல் சைக்கியாட்ரியும் எடுத்துக்கொண்டன. கிளிக் மலிவானதும் விருப்பத்துக்கு மதிப்பு போய்விட்டது. சிக்னலை அளவோடு கொடுத்து அந்த மதிப்பைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் எத்தனை?

நம் ஊர் கவுன்சிலிங்கில்: சேரத் தயாராக இருக்கும் எல்லா இடத்தையும், ஆசை வரிசையில். எண்ணுக்கு உச்சவரம்பே வேண்டாம்.

அமெரிக்காவுக்கு: எண்ணிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. முதலில் விசா, படிப்பு முடித்த வருடம், வெளிநாட்டுப் பட்டதாரிகளை முன்பு எடுத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு புரோகிராமையும் வடிகட்ட வேண்டும். மிச்சம் எழுபது என்றால் எழுபது. நூற்றிப்பத்து என்றால், பணம் அனுமதித்தால், நூற்றிப்பத்து. வடிகட்டியில் விழுந்ததைப் பயத்தில் திரும்பப் பொறுக்கிச் சேர்ப்பதில்தான் காசு கரைகிறது. மிச்சமாகும் பணத்தில் அங்கே ஒரு மாதம் மனநலப் பிரிவில் இருந்து, நம்மைப் பார்த்த ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கினால், 2 சதவீதம் 4 ஆக வாய்ப்பு உண்டு. 4 சதவீதத்தில் 50 விண்ணப்பம் தருவது 87 சதவீதம். அதாவது 930 டாலரில், 2,430 டாலரின் பலன்.

நாட்டின் பக்கம் இருந்தும் ஒரு கணக்கு இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகிச் செத்தார்கள். டாக்டரிடம் போக வேண்டியவர்கள் அவர்கள். இன்றும் நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் கூடக் கணக்கில் வருவதில்லை. இங்கே சைக்கியாட்ரி பிஜி இடங்கள் இன்னும் கூடியிருந்தால், ஸ்டான்லியில் படித்து முடிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஈராஸ் பக்கத்தைத் திறந்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம் கல்லூரியாக 156 வருடம் ஆனது. அடுத்த கதவுகளுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் யாராவது இந்த வருடம் பட்டியல் போடுகிறீர்கள் என்றால், உங்கள் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். சேர்த்துப் பார்க்கலாம்.